எம்பிபிஎஸ் மாணவர்களுக்கு ஃபண்டஸ் (விழித்திரை உள்ள கண்ணின் உள்பின்பக்கம்) பார்க்கக் கற்றுத்தர மலிவான மாதிரிக் கண்: யாராவது செய்திருக்கிறீர்களா?

கேள்வி கேட்டவர்: பொன்பாடி

வணக்கம் எல்லோருக்கும். திருத்தணியில் வீடு, எல்லை தாண்டி ஆந்திரப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவில் உதவிப் பேராசிரியர் வேலை. ஒரு விஷயத்தில் உங்கள் அனுபவம் வேண்டும்.

எங்களிடம் போஸ்டிங் வரும் ஒரு பேட்ச்சில் இருபதுக்கு மேல் பிள்ளைகள், நல்ல நிலையில் உள்ள டைரக்ட் ஆப்தல்மாஸ்கோப் (கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கும் கைக்கருவி) இரண்டே இரண்டு. ஓபிக்கு வருபவர்கள் பெரும்பாலும் நகரி, பள்ளிப்பட்டு, புத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வரும் வயதானவர்கள். பாதிப் பேருக்குப் புரை முற்றியிருக்கும், உள்ளே எதுவும் தெரியாது. மீதி இருப்பவர்களில் ஒரு பாட்டியை உட்காரவைத்து அவர் கண்ணில் இருபது பேர் மாற்றி மாற்றி வெளிச்சம் அடிப்பது எனக்கு மனசாட்சிக்கு ஒப்பவில்லை. அவர் எழுந்து போகும்போது கண்ணைக் கசக்கிக்கொண்டே போகிறார், நம்மைத் திட்டுவதுகூட இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

பிள்ளைகள் பக்கமும் பார்க்க வேண்டும். டைரக்ட் ஆப்தல்மாஸ்கோப்பில் ஒரு நேரத்தில் தெரிவது சுமார் 5 டிகிரி அளவுதான், அதாவது ஏறக்குறைய டிஸ்க் (விழித்திரையில் பார்வை நரம்பு தொடங்கும் வட்டம்) அளவு. விரிக்கும் சொட்டு விடாத சின்னப் பியூப்பில் (கண்மணி) வழியாக, ஒற்றைக் கண்ணால், தெரியாத ஒருவர் முகத்துக்கு அருகே குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு அந்த வட்டத்தைத் தேடு என்றால் எப்படி வரும்? "டிஸ்க் தெரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் "தெரிந்தது மேடம்" என்கிறார்கள். எப்படி இருந்தது என்றால் புத்தகத்தில் உள்ள வரி அப்படியே வருகிறது, வட்டமாக, இளஞ்சிவப்பாக, ஓரம் தெளிவாக. உண்மையில் பார்த்தது யார் என்று எனக்குத் தெரிய வழியில்லை.

2019-ல் வந்த புதிய பாடத்திட்டம் ஃபண்டஸ் பரிசோதனையைச் சரியான முறையில் செய்துகாட்ட வேண்டும் என்கிறது, ஸ்கில் லேப் வேண்டும் என்கிறது. சரி. ஐசி (Eyesi) மாதிரியான கணினி சிமுலேட்டர்கள் லட்சக்கணக்கில், அது எங்களுக்கு நடக்காது. ரப்பர் முகத்துக்குள் படம் மாற்றிப்போடும் பொம்மைகளும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். ஃபிலிம் ரோல் டப்பாவில் ஓட்டை போட்டு உள்ளே விழித்திரைப் படம் ஒட்டிப் பழக்குவது பழைய முறை என்று தெரியும். அதையே நாமே நன்றாகச் செய்ய முடியுமா? லென்ஸ் வேண்டுமா வேண்டாமா, படம் எந்த அளவில் அச்சிட வேண்டும்? பியூப்பில் பரிசோதனை, டென்ஷன் (கண் அழுத்தம்) பார்ப்பது இவற்றுக்கும் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: கொல்லங்கோடு ஆப்டோமெட்ரி

மேடம், நான் பாலக்காடு பக்கம் ஆப்டோமெட்ரி பிள்ளைகளுக்கு ஆப்டிக்ஸ் எடுப்பவன், தமிழ்க்காரன்தான். லென்ஸ் கட்டாயம் வையுங்கள். லென்ஸ் இல்லாத டப்பாவில் படம் 5 செ.மீ. தூரத்தில் இருக்கும், அதைத் தெளிவாகப் பார்க்க மாணவர் கருவியின் லென்ஸ் டயலை பிளஸ் 20 பக்கம் திருப்ப வேண்டியிருக்கும். கை பிடிக்கும் விதம் பழகும், ஆனால் டயல் பழகுவது தப்பாகப் பழகும். அப்புறம் நிஜக் கண்ணுக்கு வந்ததும் பிளஸ் 20-ல் வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை என்று நிற்பார்கள்.

பிளஸ் 20 டையாப்டர் லென்ஸ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், அதன் குவியத்தூரம் 50 மி.மீ. படத்தைச் சரியாக 50 மி.மீ. பின்னால் வைத்தால் அது பவர் இல்லாத சாதாரணக் கண். பூஜ்யத்தில் டயலை வைத்தாலே தெளிவாகத் தெரியும். படத்தை 45 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் சுமார் பிளஸ் 2.2 ஹைப்பர்மெட்ரோப் (தூரப்பார்வை), 55 மி.மீ.க்குத் தள்ளினால் சுமார் மைனஸ் 1.8 மயோப் (கிட்டப்பார்வை). அதனால் படம் ஒட்டிய பகுதியைத் தனிக் குழாயாகச் செய்து, முன்னும் பின்னும் நகரும்படி வைத்தால் ஒரே மாதிரியில் மூன்று வகைக் கண்ணும் கிடைக்கும்.

இனி அச்சிடும் அளவு. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நிஜ டிஸ்க் சுமார் 1.5 மி.மீ. அகலம், கண்ணின் குவியத்தூரம் காற்றில் 17 மி.மீ. என்று வைத்தால் டிஸ்க் அடைக்கும் கோணம் ஏறக்குறைய 5 டிகிரி. அதே கோணம் 50 மி.மீ. தூரத்தில் வர வேண்டும் என்றால் படத்தில் டிஸ்க் 4.4 மி.மீ. இருக்க வேண்டும். இணையத்தில் கிடைத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டு டிஸ்க்கை 10 மி.மீ. ஆக்கிவிட்டால் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபமாகிவிடும், நிஜக் கண்ணில் அந்தச் சுலபம் இருக்காது. 45 டிகிரி ஃபண்டஸ் கேமராவில் எடுத்த படம் என்றால் முழுப் படமும் சுமார் 41 மி.மீ. விட்டத்தில் அச்சிட்டால் கணக்கு தானாகவே சரியாகிவிடும். மேட் தாளில் போடுங்கள். பளபளப்புத் தாளில் வெளிச்சம் திரும்பி அடித்துப் படமே தெரியாது. லென்ஸ் ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு என்றால் வளைந்த பக்கம் வெளியே, மாணவர் பக்கம்.

பியூப்பிலுக்குக் கறுப்பு அட்டையில் ஓட்டை. முதலில் 8 மி.மீ., பழகியதும் 5, அப்புறம் 3. ஒரே நாளில் 3-க்குப் போக வேண்டாம்.

பதில்: நகரி கண்ணாடிக்கடை

நான் டாக்டர் இல்லை மேடம், நகரியில் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறேன், சொல்லலாம் என்று தோன்றியது. பிளஸ் 20 லென்ஸ் தனியாகத் தேடி அலைய வேண்டாம். ஐஓஎல் (கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்) வருவதற்கு முன்னால் புரை எடுத்தவர்களுக்குப் போட்ட தடிமனான பிளஸ் 10 கண்ணாடி இருக்கிறதே, அந்த மாதிரி பிளஸ் 10 லென்ஸ் இரண்டை ஒட்டிவைத்தால் கிட்டத்தட்ட பிளஸ் 20. பழைய கடைகளில் யாரும் வாங்காமல் கிடக்கும், கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். பள்ளிக்கூட இயற்பியல் லேபுக்கு விற்கும் 5 செ.மீ. குவியத்தூரக் குவிலென்ஸும் அதேதான். அட்டையில் செய்து செல்போனைச் செருகிப் பார்க்கும் விஆர் பெட்டி, கூகுள் கார்ட்போர்டு, அதன் முதல் வகையின் லென்ஸ் 25 மி.மீ. அகலம், 45 மி.மீ. குவியத்தூரம், அதுவும் மலிவாகக் கிடைக்கிறது. கொல்லங்கோடு சார் கணக்குப்படி அதற்கு டிஸ்க் 4 மி.மீ. போட வேண்டும் என்று நினைக்கிறேன், சரியா சார்?

குழாய்க்கு பிவிசி பைப் போதும். ஒரு இன்ச் பைப்பில் கார்ட்போர்டு லென்ஸ் ஏறக்குறைய அப்படியே உட்காரும். கம்பெனிக்குக் கம்பெனி உள்ளளவு மாறும், அதனால் இன்ச் சொல்லி வாங்காமல் லென்ஸைக் கையில் கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குங்கள். உள்ளே கறுப்புத் தாள் சுற்றுங்கள், வெள்ளைப் பைப்பின் உள்பக்கம் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். லென்ஸைப் பசை போட்டு ஒட்ட வேண்டாம், சூப்பர் க்ளூவின் ஆவி லென்ஸ் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும், அப்புறம் துடைத்தாலும் போகாது.

பதில்: கொல்லங்கோடு ஆப்டோமெட்ரி

ஆமாம், 45 மி.மீ. என்றால் டிஸ்க் 4 மி.மீ., சரியான கணக்கு. ஆனால் ஒரு இன்ச் பைப் வேண்டாம் அண்ணா, காரணம் சொல்கிறேன். நிஜக் கண்ணில் நேர் எதிரே இருப்பது மாகுலா (கூர்ந்து பார்க்க உதவும் விழித்திரையின் நடுப்பகுதி), டிஸ்க் அதிலிருந்து சுமார் 15 டிகிரி மூக்குப் பக்கம். அதனால்தான் நோயாளியை நேரே பார்க்கச் சொல்லிவிட்டு நாம் காதுப்பக்கமாக 15 டிகிரி சாய்ந்து உள்ளே வருகிறோம். 50 மி.மீ. மாதிரியில் மாகுலாவுக்கும் டிஸ்க்குக்கும் இடைவெளி 13 மி.மீ.க்கு மேல் வரும். 25 மி.மீ. குழாயின் நடுவில் மாகுலாவை வைத்தால் டிஸ்க் சுவரில் முட்டி நின்றுவிடும். இடம் போதவில்லை என்று டிஸ்க்கை நடுவில் வைத்து ஒட்டுவார்கள், பிள்ளைகள் நேர் எதிரே நின்று பார்த்துப் பழகுவார்கள், கோணமே பழகாது. உள்ளளவு 35 மி.மீ.க்குக் குறையாத குழாய் எடுத்து, லென்ஸைச் சுற்றி அட்டை வளையம் கொடுத்துப் பொருத்துங்கள். வலது கண், இடது கண் என்று இரண்டு தனித்தனியாகச் செய்து, ஒரு தெர்மகோல் முகத்தில் நடுவில் மூக்கு வைத்து இரண்டு பக்கமும் செருகுங்கள். மூக்கு முக்கியம். இடது கண்ணை இடது கையால், இடது கண்ணால் பார்க்க வேண்டும் என்பது மூக்கு தடுக்கும்போதுதான் புரியும்.

நகரி அண்ணா பைப்பின் உள்ளே கறுப்புத் தாள் என்று சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

பதில்: ஹவுஸ் சர்ஜன் சித்தூர்

மேம், நான் இப்போது ஹவுஸ் சர்ஜன், சித்தூர் பக்கம் வேறு கல்லூரி. மாணவர்கள் ஏன் "தெரிந்தது" என்கிறார்கள் என்றால், பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள், பாட்டி கண்ணை மூடிமூடித் திறக்கிறார், இன்னும் ஒரு நிமிடம் கேட்க வாய் வராது. யாரும் ஏமாற்ற நினைப்பதில்லை. அதனால் பார்த்தாயா என்று கேட்கவே வேண்டாம், பார்த்தால் மட்டும் சொல்லக்கூடிய ஒன்றை உள்ளே வைத்துவிடுங்கள். எங்கள் பேட்ச்சில் ஒரு சீனியர் மேம் செய்தது இது. படத்தை அச்சிடும் முன் டிஸ்க்கின் ஓரத்தில் ஒன்று, மேல்பக்க ரத்தக்குழாய் பிரியும் இடத்தில் ஒன்று, மாகுலா அருகே ஒன்று என்று 1 மி.மீ.க்கும் குறைவான எழுத்துகள் போட்டுவிடுவார். சிலதில் தெலுங்கு எழுத்து, சிலதில் எண். டிஸ்க்கைக் கண்டுபிடி, அங்கிருந்து மேல் குழாயைப் பிடித்துக்கொண்டு போ, வழியில் என்ன எழுத்து என்று தாளில் எழுதிக் கொடு. அவ்வளவுதான். எழுதியது தப்பு என்றால் திரும்ப வரிசையில் நிற்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த ஒரு வாரத்தில் எனக்கு டிஸ்க்கிலிருந்து குழாயைப் பின்தொடரும் பழக்கம் கைவந்துவிட்டது, இன்றைக்கும் வார்டில் தலைவலி என்று வருபவருக்கு டிஸ்க் பார்க்கத் தயக்கம் இல்லை.

எழுத்து வைத்த படம் பழகிய பிறகு எழுத்து இல்லாத படங்கள் வேண்டும், வீங்கிய டிஸ்க், குழிந்த டிஸ்க், சர்க்கரை நோயில் வரும் ரத்தக்கசிவு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுக் கலைத்து வைத்தால் வைவா (வாய்மொழித் தேர்வு) போல நடத்தலாம்.

இன்னொன்று. உங்கள் ஓபியில் ஃபண்டஸ் கேமரா இருந்தால் பேட்ச்சில் சம்மதிக்கும் பிள்ளைகளின் விழித்திரையைப் படம் எடுத்து, பெயர் இல்லாமல் சுவரில் ஒட்டுங்கள். ஒருவர் கண்ணை இன்னொருவர் ஆப்தல்மாஸ்கோப்பில் பார்த்து இது எந்தப் படம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ரத்தக்குழாய் பிரியும் விதம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் ஊகித்துச் சொல்ல முடியாது. நண்பனின் கண் என்பதால் கூச்சமும் இருக்காது, "டேய் அசையாதே" என்று சொல்லலாம், பாட்டியிடம் அப்படிச் சொல்ல முடியுமா?

பதில்: பாறசாலை ஓய்வு

களியக்காவிளை எல்லையில் இருக்கிறேன், கண் மருத்துவராகவும் ஆசிரியராகவும் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பி சொன்ன நண்பர்கள் முறை மிக நல்லது, ஆனால் சொட்டு விட்டுச் செய்தால் சில விஷயங்களை விட்டுவிடக் கூடாது. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து ஆன்டீரியர் சேம்பர் (கருவிழிக்குப் பின்னால் உள்ள அறை) ஆழம் பாருங்கள், ஆழம் குறைவு என்று சந்தேகம் வந்தால் அந்தப் பிள்ளைக்குச் சொட்டு வேண்டாம். டிராப்பிகமைடு சொட்டு விட்டால் சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். அன்று பைக் ஓட்டக் கூடாது, மறுநாள் பரீட்சை இருந்தால் செய்யக் கூடாது. ஒருவருக்கு ஒரு கண் மட்டும். வேண்டாம் என்று சொல்பவரைக் காரணம் கேட்க வேண்டாம்.

மேடம், எனக்கு ஒரு கருத்து உண்டு, மற்றவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. பேச்சு முழுவதும் டிஸ்க்கைச் சுற்றியே போகிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் கண் மருத்துவர் ஆகப் போவதில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரப் போகிறார்கள். அங்கே அவர்கள் கையில் காப்பாற்றப்படக்கூடிய கண் எது? வெள்ளையாகத் தெரியும் பியூப்பிலோடு தாய் தூக்கிக்கொண்டு வரும் குழந்தை, அது பிறவிப் புரையாக இருக்கலாம், ரெட்டினோபிளாஸ்டோமாவாகவும் (விழித்திரைப் புற்றுநோய்) இருக்கலாம், அங்கே போவது உயிர். சிவந்த கண்ணோடு வாந்தி எடுத்துக்கொண்டு வந்து வயிற்று வலி மருந்து வாங்கிப் போகும் அக்யூட் கிளாக்கோமா (கண் அழுத்தம் திடீரென ஏறும் நோய்). வெல்டிங், கல் உடைக்கும் வேலையில் கார்னியாவில் (கருவிழியில்) துகள் ஏறியவர். இவற்றுக்கு ரெட் ரிஃப்ளெக்ஸ் (வெளிச்சம் அடித்தால் பியூப்பிலில் தெரியும் சிவப்பு ஒளி), டென்ஷன், இமையைப் புரட்டிப் பார்ப்பது, இவ்வளவு போதும். ஃபண்டஸுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இவற்றுக்குக் கொடுங்கள்.

ரெட் ரிஃப்ளெக்ஸுக்கு நீங்கள் செய்யப்போகும் அதே குழாயே போதும். கை நீளத் தூரத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு குழாயில் விழித்திரைப் படத்துக்குப் பதில் வெள்ளைத் தாள், இன்னொன்றில் லென்ஸுக்குப் பின்னால் நடுவில் சின்னக் கறுப்புப் புள்ளி. எது சரியான கண், எது இல்லை என்று ஒரு நொடியில் சொல்லப் பழக வேண்டும்.

டென்ஷனுக்கு ஆட்டுக் கண். காலையில் கறிக்கடையில் சொல்லிவைத்தால் கொடுப்பார்கள், ஐஸில் வைத்துக் கொண்டுவாருங்கள். பின்பக்கம் நரம்பு வழியாக ஊசி செலுத்தி சலைன் ஏற்றினால் கண் கல்லாக இறுகும். ஏற்றாதது, கொஞ்சம் ஏற்றியது, நிறைய ஏற்றியது என்று மூன்றை ஈரத் துணிக்கு அடியில் வரிசையாக வைத்து இரண்டு ஆள்காட்டி விரலால் மாற்றி மாற்றி அழுத்தச் சொல்லுங்கள். ஷியாட்ஸ் (கண் அழுத்தம் அளக்கும் கருவி) இருந்தால் அதே கண்ணில் பழகலாம், முதலில் சோதனைத் தகட்டில் பூஜ்யம் காட்டுகிறதா பார்த்துவிட்டு. கார்னியாவில் துகள் எடுப்பதையும் அதிலேயே பழகலாம். கையுறை கட்டாயம், முடிந்ததும் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பை. சைவப் பிள்ளைகள் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம், தண்ணீர் நிரப்பிக் கட்டிய கையுறை விரல் ஓரளவு உதவும்.

பியூப்பிலுக்குப் பொம்மை வேண்டாம். நம் ஊர்க் கண்கள் கரும்பழுப்பு, டார்ச்சை நேராக அடித்தால் பியூப்பில் எங்கே முடிகிறது என்றே தெரியாது, கீழிருந்து சாய்வாக இன்னொரு மங்கிய வெளிச்சம் வேண்டும். இதை முதலில் கற்றுக்கொடுங்கள். ஆர்ஏபிடி (ஒரு பக்கப் பார்வை நரம்பு பழுதால் அந்தக் கண்ணில் வெளிச்சம் பட்டால் பியூப்பில் சரியாகச் சுருங்காதது) காட்ட வேண்டும் என்றால் நல்ல கண் உள்ள ஒருவரின் ஒரு கண் முன்னால் சாம்பல் நிற ஃபில்டர் ஒன்றைப் பிடித்து டார்ச்சை மாற்றி மாற்றி அடியுங்கள், ஃபில்டர் பக்கம் வெளிச்சம் போகும்போது ஃபில்டர் இல்லாத பக்கத்துப் பியூப்பில் விரிவது தெரியும்.

கருவி பற்றி ஒன்று. செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவான ஆர்க்லைட் என்ற சின்ன ஆப்தல்மாஸ்கோப் இருக்கிறது, சூரிய ஒளியில் சார்ஜ் ஏறும், பேனா அளவு, காது பார்க்கவும் ஆகும். வழக்கமான கருவியின் விலையில் சிறு பங்குதான். இரண்டு கருவிக்கு இருபது பேர் என்பதுதான் உங்கள் அடிப்படைப் பிரச்சினை. மாதிரிக் கண் எத்தனை செய்தாலும் பார்ப்பதற்குக் கருவி இல்லை என்றால் வரிசை அப்படியேதான் நிற்கும், அதனால் நிர்வாகத்திடம் பணம் கேட்பதாக இருந்தால் அதற்குக் கேளுங்கள்.

பதில்: பொன்பாடி

எல்லோருக்கும் மிக்க நன்றி. பாறசாலை சார், ரெட் ரிஃப்ளெக்ஸ் பற்றிச் சொன்னது மனதில் தைத்தது. எங்கள் பக்கத்திலும் குழந்தையின் கண் "பூனைக் கண் மாதிரி மின்னுது" என்று தாமதமாகக் கொண்டுவருகிறார்கள், இடையில் அவர்கள் பார்த்த டாக்டர் யாரும் வெளிச்சம் அடித்துப் பார்த்திருக்கவில்லை என்பது கேட்கும்போது தெரிகிறது. அதையே முதல் நாள் பாடமாக வைக்கிறேன், டிஸ்க் அதற்கு அப்புறம்.

இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன். முகம் ஒன்று, மூக்கோடு, இரண்டு கண்ணும் நகரும் குழாய். எழுத்து வைத்த படங்கள், நோய்ப் படங்கள் தனித்தனி. முகத்துக்குப் பின்னால் ஒரு பிள்ளை நோயாளியாக உட்காரட்டும், பார்ப்பவர் வெளிச்சத்தைக் கொண்டுபோகும் முன் அவரிடம் பேச வேண்டும், என்ன செய்யப் போகிறேன், எங்கே பார்க்க வேண்டும், கூசினால் சொல்லுங்கள் என்று. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் தெலுங்கு மட்டும் தெரிந்தவர்கள், பள்ளிப்பட்டிலிருந்து வரும் நோயாளிகளில் பலர் தமிழ் மட்டும். அந்த வாக்கியங்களை இரண்டு மொழியிலும் சொல்லத் தெரிந்தால்தான் நிஜ நோயாளியிடம் அனுப்புவேன்.

ஒரு சந்தேகம் மட்டும். நோய்ப் படங்களை எங்கிருந்து எடுப்பது? எங்கள் ஓபி படங்களையே பயன்படுத்தலாமா?

பதில்: கொல்லங்கோடு ஆப்டோமெட்ரி

உங்கள் ஓபி படங்கள்தான் நல்லது மேடம். பாடப்புத்தகப் படங்கள் பலவும் வெளிர் நிறத்தவரின் விழித்திரை, நம் ஆட்களின் விழித்திரை இன்னும் கருஞ்சிவப்பாக இருக்கும், அதில் பழகியவருக்கு முதல் தடவை எல்லாமே நோய் மாதிரித் தோன்றும். நோயாளியிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், கேமரா படத்தின் ஓரத்தில் தானாக விழும் பெயர், எண், தேதியை வெட்டிவிட்டு அச்சிடுங்கள். அச்சிடும்போது கடைக்காரர் "பளிச்சென்று வரட்டும்" என்று நிறத்தைக் கூட்டிவிடுவார், அதற்கு விடாதீர்கள். வெளிறிய டிஸ்க்கும் சாதாரண டிஸ்க்கும் அங்கேயே ஒன்றாகிவிடும். முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, குழாயில் வைத்து, ஆப்தல்மாஸ்கோப் வெளிச்சத்தில் நீங்களே பார்த்துவிட்டு மீதியை அச்சிடச் சொல்லுங்கள்.

பதில்: நகரி கண்ணாடிக்கடை

மேடம், எங்கள் கடையில் பிளஸ் 10 பழைய லென்ஸ் கொஞ்சம் கிடக்கிறது, ட்ரையல் செட்டில் பிளஸ் 20 ஒன்றும் இருக்கிறது, அளந்து பார்க்கத் தருகிறேன். ஞாயிறு தவிர எந்த நாள் வந்தாலும் சரி, லென்ஸை வட்டமாக வெட்டியும் கொடுத்துவிடுகிறேன்.